ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத காய்ச்சல்: 14 மாதக் குழந்தையில் கடும் அடினோ வைரஸ் நிமோனியா

முன்குறிப்பு: இங்கே விவரிக்கப்படுவது ஒரு தனிக் குழந்தையின் கோப்பு அல்ல. இந்த நோயில் திரும்பத் திரும்பக் காணும் கூறுகளை ஒன்றுசேர்த்து, குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிச் சூழலில் வைத்து, பயிற்சி மருத்துவர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருப்பவர்களுக்குமாக எழுதப்பட்ட மாதிரி நிகழ்வு. எண்கள் நோயின் வழக்கமான போக்கை ஒட்டியவை.

பின்னணி

14 மாத ஆண் குழந்தை. அருமனைக்கு அருகே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் வீடு. அப்பாவுக்குப் பால்வெட்டு வேலை. அம்மா முந்திரி ஆலைக்குப் போகிறார். காலை ஏழரையிலிருந்து மாலை ஐந்து வரை மூன்று பேரப்பிள்ளைகளையும் பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார். தாய்ப்பால் இரவில் மட்டும். ஐப்பசி மழையில் ரப்பர் ஷீட் வெயிலில் காயாது. அதனால் அடுக்களை அடுப்புக்கு மேலே கம்பு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சிரட்டையும் ஈர விறகுமாக அடுப்பு நாள் முழுக்கப் புகைந்துகொண்டிருந்தது. குழந்தை தூங்கும் பாய் அடுக்களைக்கு அடுத்த அறையில்.

34 வாரத்தில் பிறப்பு, பிறப்பு எடை 1.9 கிலோ. இப்போது 7.8 கிலோ, இந்த வயது ஆண் குழந்தையின் நடு எடை ஏறக்குறைய 10 கிலோ. மேற்கை நடுச் சுற்றளவு 12.1 செ.மீ., அதாவது மிதமான ஊட்டக்குறைவு. தடுப்பூசிகள் அட்டையின்படி போடப்பட்டிருந்தன.

ஒரு வாரம் முன்பு ஐந்து வயது அக்காவுக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்து, கண் சிவந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு 'மெட்ராஸ் ஐ' என்று பள்ளியில் சொன்னார்களாம். அவளுக்கு நான்கு நாளில் சரியாகிவிட்டது. நோய்க் குறிப்பில் முதல் வரியாக வந்திருக்க வேண்டிய தகவல் இது. கேட்டது மூன்றாவது மருத்துவர்தான்.

முதல் நான்கு நாட்கள்

முதல் நாள்: 39.4 டிகிரி காய்ச்சல், மூக்கொழுகல், இருமல். இரண்டாம் நாள் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப், ஒரு ஊசி, நெபுலைசர். ஊசி டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு என்பது பிறகு சீட்டைப் பார்த்தபோது தெரிந்தது. அன்றிரவு காய்ச்சல் இறங்கியது, மறுநாள் இன்னொரு ஊசி. மூன்றாம் நாள் இரண்டு கண்ணும் சிவந்தன, சீழ் அதிகமில்லை. ஐந்தாறு முறை தண்ணீராக வயிறு போனது. தொண்டையில் வெண்படலம் கண்டதும் ஆன்டிபயாட்டிக் மாற்றப்பட்டது.

நான்காம் நாள் காய்ச்சல் 39.8. ரத்தத்தில் வெள்ளணு 19,800, நியூட்ரோஃபில் 71%, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. லிட்டருக்கு 86 மி.கி. "பாக்டீரியாதான்" என்ற முடிவை இந்த மூன்று எண்களும் உறுதியாக்கிவிட்டன. அடுத்த ஆன்டிபயாட்டிக் தொடங்கியது.

இந்த வைரஸ் ஏமாற்றும் இடம் இது. பெரும்பாலான சுவாச வைரஸ்களில் வெள்ளணு குறைவாகவோ இயல்பாகவோ இருக்கும், சி.ஆர்.பி. சிறிதளவே ஏறும். அடினோ அப்படியில்லை. வெள்ளணு 15,000-க்கு மேல் போவதும், சி.ஆர்.பி. மூன்றிலக்கத்தைத் தொடுவதும், உள்நாக்குச் சுரப்பியில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போலவே வெண்படலம் படிவதும் இதில் சாதாரணம். மூன்று வயதுக்குக் கீழ் ஸ்ட்ரெப் தொண்டை அரிது என்பதை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். கூடவே கண் சிவப்பு, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, வீட்டில் இன்னொரு பிள்ளைக்குச் செங்கண் என்று சேர்ந்துவிட்டால் எண்களைவிடக் கதையைத்தான் நம்ப வேண்டும்.

நான்காம் நாள் யாரும் எண்ணாதது மூச்சு. 12 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைக்கு நிமிடத்துக்கு 40-ஓ அதற்கு மேலோ இருந்தால் வேகமூச்சு (2 முதல் 11 மாதத்துக்கு 50). அழாதபோது, சட்டையைக் கழற்றி, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் பிழை பெரிதாகிவிடும். மருந்துச் சீட்டில் சி.ஆர்.பி. எழுதும் இடத்தில் மூச்சு எண்ணிக்கையையும் ஆக்சிஜன் செறிவையும் எழுதும் பழக்கம் இருந்தால், இந்தக் குழந்தை ஒரு நாள் முன்பே மேலே அனுப்பப்பட்டிருக்கும்.

சேர்க்கை: ஐந்தாம் நாள் மாலை

"பாலு குடிக்க மாட்டேங்கான், தலையை ஆட்டிக்கிட்டே கெடக்கான்" என்றார் பாட்டி. தலையாட்டல் என்று அவர் சொன்னது மூச்சுக்கு ஒரு முறை தலை முன்னும் பின்னும் அசைவது. கழுத்துத் தசைகளையும் சேர்த்துக்கொண்டு மூச்சுவிடும் நிலை அது. அதைத் தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூச்சு 64, நாடித்துடிப்பு 172, வெப்பம் 39.6, வெளிக்காற்றில் ஆக்சிஜன் செறிவு 86%. விலாவுக்குக் கீழே குழி. இரு பக்கமும் கரகரப்பும் இழுப்பும். கல்லீரல் விலா விளிம்புக்கு 4 செ.மீ. கீழே தொட்டது. காற்று தேங்கி நுரையீரல் உப்பினாலும் கல்லீரல் கீழிறங்கும் என்பதால் மேல்விளிம்பைத் தட்டிப் பார்த்து முழு நீளம் அளக்கப்பட்டது, உண்மையிலேயே வீக்கம்தான். எக்ஸ்ரேயில் வலது மேல்மடலிலும் இடது கீழ்மடலிலும் அடர்வு, மற்ற இடங்களில் காற்றுத் தேக்கம். அடர்வும் தேக்கமும் ஒரே படத்தில் சேர்ந்து வருவது அடினோவுக்குப் பொருந்தும். மூச்சுச் சிறுகுழல்களின் உள்தோலே அழுகி உரிந்து, உரிந்தது அடைப்பாக நிற்கிறது.

ரத்தத்தில்: ஹீமோகுளோபின் 8.4, வெள்ளணு 17,200, தட்டணு 92,000, சோடியம் 129, அல்புமின் 2.6, கல்லீரல் நொதிகளான ஏ.எஸ்.டி. 412, ஏ.எல்.டி. 138, திசுச் சிதைவைக் காட்டும் எல்.டி.எச். 1,640, அழற்சியில் ஏறும் பெர்ரிட்டின் 1,850. டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ், கோவிட், இன்ஃப்ளுயன்ஸா எல்லாம் எதிர்மறை. ரத்த வளர்ப்பில் 48 மணி நேரத்திலும் கிருமி இல்லை. மூக்கு-தொண்டைச் சளியில் பல வைரஸ்களை ஒருங்கே தேடும் பி.சி.ஆர். சோதனையில் அடினோ மட்டும், அதுவும் வலுவாக.

'வலுவாக' என்பதற்குக் காரணம் உண்டு. 1953-ல் இந்த வைரஸ் முதலில் பிரித்தெடுக்கப்பட்டதே அறுவைச் சிகிச்சையில் அகற்றிய அடினாய்டுத் திசுவிலிருந்துதான். பெயரும் அதனால் வந்தது. அந்தத் திசுக்களில் இது மாதக்கணக்கில் தங்கும். ஆகவே நலமான குழந்தையின் தொண்டையிலும் பி.சி.ஆர். மெல்லிய நேர்மறை காட்டக்கூடும். நோய்க்குறிகள் பொருந்தி, வைரஸ் அளவும் அதிகமாக இருந்து, வேறு காரணமும் கிடைக்காதபோதுதான் குற்றவாளி இதுவே என்று எழுதலாம். இதே காரணத்தால், அடினோ நேர்மறை என்பது, இதயத் தமனிகளைத் தாக்கக்கூடிய ரத்தக்குழாய் அழற்சியான கவாசாகி நோயை விலக்கிவிடாது. காய்ச்சல் ஐந்து நாள், கண் சிவப்பு, உயர்ந்த சி.ஆர்.பி. மூன்றும் இருந்ததால் ஆறாம் நாள் எக்கோ எடுக்கப்பட்டது. இதயத் தமனிகளும் இதயச் சுருக்கமும் இயல்பு.

கல்லீரல் எண்களில் ஒளிந்திருந்த இன்னொன்று

வீட்டில் கொடுத்த மருந்துப் பாட்டில்களைக் கொண்டுவரச் சொன்னதில் ஒன்று பிடிபட்டது. அக்காவுக்கு எழுதிய 5 மி.லி.-க்கு 250 மி.கி. பாராசிட்டமால் சிரப்பை, தம்பிக்கும் அதே 5 மி.லி. வீதம் நாளுக்கு நான்கு முறை, மூன்று நாள் கொடுத்திருக்கிறார்கள். 7.8 கிலோ குழந்தைக்கு அது கிலோவுக்கு நாளொன்றுக்கு 128 மி.கி. உச்ச அளவு 60. ஆறு வயதுக்குக் கீழ் மூன்று நாளோ அதற்கு மேலோ நாளொன்றுக்குக் கிலோவுக்கு 100 மி.கி.-யைத் தாண்டினால் கல்லீரல் ஆபத்துக் கணக்கில் வந்துவிடும்.

ஏ.எஸ்.டி. உயர்வு வைரஸாலா, மருந்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலையில் காத்திருப்பது சரியல்ல. பாராசிட்டமாலுக்கு மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் கிலோவுக்கு 150 மி.கி. ஒரு மணி நேரத்திலும், 50 மி.கி. அடுத்த நான்கு மணி நேரத்திலும், 100 மி.கி. அடுத்த பதினாறு மணி நேரத்திலும் செலுத்தப்பட்டது. அதைக் கலக்கும் திரவத்தையும் அன்றைய மொத்தத் திரவக் கணக்கில் சேர்க்க வேண்டும். சோடியம் ஏற்கெனவே 129-ல் நிற்கும் குழந்தைக்கு வெறும் டெக்ஸ்ட்ரோஸில் கலந்து ஊற்றினால் அடுத்தது வலிப்புதான்.

இந்தக் குழந்தைக்குச் சரியான ஒரு வேளை அளவு 117 மி.கி. (கிலோவுக்கு 15). சொட்டு மருந்தானால் 1.2 மி.லி., 125 மி.கி. சிரப்பானால் 4.7 மி.லி., 250 மி.கி. சிரப்பானால் 2.3 மி.லி. மூன்று பாட்டிலும் ஒரே வீட்டில் இருக்கும். மூன்றுக்கும் பெயர் 'காய்ச்சல் மருந்து'. சீட்டில் மி.லி. மட்டும் எழுதுவதால் நேரும் விபத்து இது. பாட்டிலின் மீதே பேனாவால் பிள்ளையின் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

சிகிச்சையும் போக்கும்

முதல் மணி நேரத்தில் சூடும் ஈரமும் ஏற்றிய ஹை ஃப்ளோ ஆக்சிஜன், கிலோவுக்கு 2 லிட்டர் வீதம் நிமிடத்துக்கு 15 லிட்டர், ஆக்சிஜன் பங்கு 50%. இலக்கு 92 முதல் 96%. 100-ஐத் துரத்தத் தேவையில்லை. திரவம் வழக்கமான தேவையில் 70%, நாளுக்கு 550 மி.லி., சாதாரண உப்புநீரில் 5% டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்தது. நிமோனியாவில் உடல் நீரைப் பிடித்துவைக்கும். முழு அளவு கொடுத்தால் நுரையீரல் இன்னும் நனையும். மூக்குக் குழாய் வழியே பிழிந்த தாய்ப்பால், இரண்டு மணிக்கு ஒரு முறை 20 மி.லி. ஹீமோகுளோபின் 8.4-க்கு ரத்தம் ஏற்றவில்லை. ரத்த ஓட்டம் நிலையாக இருக்கும்வரை 7 வரை பொறுக்கலாம்.

ஆன்டிபயாட்டிக்காகச் செஃப்ட்ரியாக்ஸோன் கிலோவுக்கு 80 மி.கி. தொடங்கி, வளர்ப்பு எதிர்மறையானதும் நிறுத்தப்பட்டது. ஒசெல்டாமிவிர் 30 மி.கி. இருவேளை, இன்ஃப்ளுயன்ஸா முடிவு வரும்வரை மட்டும்.

ஆறாம் நாள் இரவு ஆக்சிஜன் பங்கை 60%-க்கு ஏற்றியும் செறிவு 92-ஐத் தாண்டவில்லை, மூச்சு 70, கார்பன் டை ஆக்சைடு 58. பிள்ளை களைத்துச் சோர்ந்துவிட்டான். இங்கே இன்னும் ஆறு மணி நேரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதே வழக்கமான தவறு. களைப்பால் மூச்சு எண்ணிக்கை இறங்குவதைத் தேறுதல் என்று வாசித்துவிடுவார்கள். ஏழாம் நாள் அதிகாலை, அவசரமாக அல்லாமல் திட்டமிட்டு, மூச்சுக்குழாய்க்குள் 3.5 அளவு காற்றுப்பையுள்ள குழாய் போடப்பட்டது.

வென்டிலேட்டரில் ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 6 மி.லி., அதாவது 47 மி.லி.; மூச்சிறுதி அழுத்தம் 8-லிருந்து 10; உள்மூச்சு முடிவில் அளக்கும் பிளாட்டோ அழுத்தம் 28-க்குள்; ரத்தத்தின் பி.எச். 7.25 வரை இறங்க விட்டுக்கொடுத்தல். சராசரி அழுத்தம் 16, ஆக்சிஜன் பங்கு 80%, தமனி ஆக்சிஜன் 68 என்ற நிலையில், நுரையீரல் பாதிப்பை அளக்கும் ஆக்சிஜனேற்றக் குறியீடு 18.8. 16-ஐத் தாண்டினால் கடும் வகை. நாளுக்கு 16 மணி நேரம் குப்புறப் படுக்கை, நான்கு நாள். காற்றுத் தேக்கம் உள்ள நுரையீரலாதலால் மூச்சு எண்ணிக்கையை ஏற்றி கார்பன் டை ஆக்சைடைத் துரத்தவில்லை. வெளிமூச்சுக்கு நேரம் போதாமல் போனால் தேக்கம் கூடி, நெஞ்சறையில் காற்றுக் கசியும். உரிந்த தோல் கலந்த கெட்டிச் சளி எட்டாம் நாள் குழாயை அடைத்தது. சளி உறிஞ்சும் இடைவெளியையும் ஈரப்பதத்தையும் சரிசெய்த பிறகு மீண்டும் அடைக்கவில்லை.

பெர்ரிட்டினும் தட்டணுவும், எதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறி ரத்த அணுக்களையே விழுங்கும் ஹெச்.எல்.எச். நோயோ என்ற கேள்வியை எழுப்பின. எட்டு அளவுகோல்களில் ஐந்து வேண்டும். இங்கே காய்ச்சல், பெர்ரிட்டின், இரு வகை ரத்த அணுக் குறைவு என மூன்றுதான். அதிலும் ஹீமோகுளோபின் குறைவு பழைய இரும்புச்சத்துக் குறைவு. மண்ணீரல் தொடவில்லை, ட்ரைகிளிசரைடும் ஃபைப்ரினோஜனும் எல்லைக்குள். 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்ததில் பெர்ரிட்டின் தானே இறங்கியது. ஸ்டீராய்டு கொடுக்கவில்லை.

வைரஸ் எதிர்ப்பு மருந்தான சிடோஃபோவிரும் கொடுக்கவில்லை. வாரம் ஒரு முறை கிலோவுக்கு 5 மி.கி., அல்லது வாரம் மூன்று முறை 1 மி.கி., கூடவே சிறுநீரகத்தைக் காக்கப் புரோபெனிசிட் மருந்தும் நிறையத் திரவமும் என்பது முறை. சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து. எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர்களிடம்தான் அதற்கு இடம் உண்டு. எதிர்ப்பாற்றல் இயல்பான குழந்தையில் பலன் நிரூபிக்கப்படவில்லை. ஏற்கெனவே திரவத்தைக் குறைத்து வைத்திருக்கும் நுரையீரலுக்கு அந்தத் திரவச் சுமையும் கெடுதல். எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினை ஏற்றுவது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சான்று மெலிது என்பதே இங்கே எடுத்த நிலைப்பாடு.

பதினான்காம் நாள் குழாய் எடுக்கப்பட்டது. இருபத்து நான்காம் நாள் வீடு.

ஏன் இந்தக் குழந்தை, ஏன் அக்கா இல்லை

ஒரே வீட்டில் ஒரே வைரஸ். ஐந்து வயதுப் பெண்ணுக்கு நான்கு நாள் செங்கண், பதினான்கு மாதத் தம்பிக்கு வென்டிலேட்டர். முதல் காரணம் வயது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் ஆறு மாதத்துக்குள் தேய்ந்துவிடும். சொந்த எதிர்ப்பு உருவாக நான்கைந்து வயதாகும். ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையிலான அந்த இடைவெளியில்தான் கடும் நோய் குவிகிறது.

குறைப்பிரசவம், எடைக்குறைவு, இரும்புச்சத்துக் குறைவு மூன்றும் நுரையீரலின் கையிருப்பைக் குறைத்திருந்தன. புகை சிறுகுழல்களின் உள்தோலை ஏற்கெனவே கெடுத்து வைத்திருந்தது. பிறவி இதயக் கோளாறு, நாட்பட்ட நுரையீரல் நோய், தசை-நரம்பு நோய், பிறவி எதிர்ப்பாற்றல் குறைவு, அண்மையில் தட்டம்மை இருந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மருத்துவமனைக்குள்ளேயே தொற்றிக்கொண்ட குழந்தைகளும் மோசமாகப் போவார்கள்; ஏற்கெனவே இன்னொரு நோயோடு படுத்திருப்பவர்கள்தானே.

எல்.டி.எச்., அல்புமின், தட்டணு, லிம்போசைட் போன்றவற்றையும் 'ஆபத்துக் காரணி' என்று ஒரே பட்டியலில் அடுக்குவது வழக்கம். அது குழப்பும். அவை நோய் கடுமையாகிவிட்டது என்ற அறிவிப்பு, காரணம் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவுவது வேறு பட்டியல்: வயது, எடை, முந்தைய நோய், ஐந்தாம் நாளும் 39-க்கு மேல் காய்ச்சல், எண்ணிய மூச்சு. இதற்கு எந்த ஆய்வகமும் வேண்டாம்.

வைரஸின் வகையும் ஒரு காரணி. கண்டறியப்பட்டவற்றில் 3, 7, 14, 21, 55 ஆகியவை கடும் நிமோனியாவுக்குப் பேர்போனவை, 40, 41 வயிற்றுப்போக்குக்கு, 8 கண்ணுக்கு. 2023 தொடக்கத்தில் மேற்கு வங்கத்தில் குழந்தைகள் வார்டுகள் நிரம்பியபோது, 7-ம் 3-ம் கலந்த மறுசேர்க்கை வகையே மிகுதியாகக் காணப்பட்டது. வழக்கமான பி.சி.ஆர். சோதனை வகையைச் சொல்லாது. இந்தக் குழந்தைக்கு வந்த வகையும் தெரியாது. 4, 7 வகைகளுக்கான தடுப்பு மாத்திரை ஒன்று அமெரிக்கப் படையினருக்கு மட்டும் உண்டு, குழந்தைகளுக்கு இல்லை.

டெக்ஸாமெத்தசோன் ஊசி நோயைக் கடுமையாக்கியதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு இரவு காய்ச்சலை மறைத்து, குடும்பத்துக்கு ஒன்றரை நாள் நிம்மதி கொடுத்தது. அந்த ஒன்றரை நாள்தான் தொலைந்தது.

வார்டில்

கைக்கு ஜெல் தடவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவது இங்கே போதாது. அடினோவுக்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆல்கஹால் உடைப்பது பெரும்பாலும் அந்த உறையைத்தான். சோப்பும் ஓடும் தண்ணீரும், 40 முதல் 60 விநாடி. கட்டில் கம்பி, சொட்டுநீர்க் கம்பம், கதவுப் பிடிகளுக்கு 0.1% ஹைப்போகுளோரைட்: கடையில் கிடைக்கும் 5% திரவத்தில் 20 மி.லி.-யை 980 மி.லி. தண்ணீரில் கலந்து, துடைத்த பிறகு பத்து நிமிடம் ஈரமாக விட வேண்டும். சளி, மலம் பட்ட இடத்தை முதலில் துடைத்தெடுத்துவிட்டு 0.5% (100 மி.லி.-க்கு 900). காலையில் கலந்தது மறுநாளைக்கு ஆகாது. ஜன்னலோரம் வைத்தால் மாலைக்கே வீரியம் போய்விடும். சளி காய்ந்த கம்பியில் இந்த வைரஸ் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஸ்டெதாஸ்கோப்பும் நெபுலைசர் முகமூடியும் ஆளுக்கு ஒன்று. முகமூடியைத் தண்ணீரில் அலசி அடுத்த பிள்ளைக்கு வைப்பதுதான் ஒரு வார்டு முழுக்கப் பரவும் குறுக்குவழி.

மேலே அனுப்பும்போது

மலையடிவாரத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ மழைநாளில் போகும் நேரத்தை ஒன்றரை மணி என்றே வைத்துக் கணக்கிட வேண்டும். 1,500 லிட்டர் பி-வகை உருளை, நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் நிறைந்த நிலையில் 150 நிமிடம் வரும். பாதி நிறைந்த உருளையோடு கிளம்பினால் மார்த்தாண்டம் நெரிசலிலேயே முடிந்துவிடும். 108 வண்டி வந்ததும் அழுத்தமானியைப் பார்ப்பது அனுப்புகிறவர் வேலை. எல்லை தாண்டும் நோயாளிக்கு மருந்துப் பெயர், அளவு, நேரம், காய்ச்சல் தொடங்கிய நாள், வீட்டில் கண் சிவந்த பிள்ளை உண்டா என்ற ஐந்தும் ஒரே தாளில் போக வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகு

வீடு திரும்பும்போது விழித்திருக்கையில் 93%, பால் குடிக்கையில் 90%. நான்காவது வாரப் பரிசோதனையிலும் இழுப்பு நின்றபாடில்லை, மூச்சுக்குழல்களை விரிக்கும் சால்பியூட்டமால் கொடுத்தும் குறையவில்லை. ஆஸ்துமா என்று எழுதி இன்ஹேலரோடு அனுப்பியிருந்தால் கதை அங்கேயே மறைந்திருக்கும். வெளிமூச்சில் எடுத்த சி.டி.யில் கறுப்பும் சாம்பலுமாகத் திட்டுத்திட்டான நுரையீரல்: தொற்றுக்குப் பிந்தைய பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிட்டரன்ஸ். உரிந்த சிறுகுழல்கள் ஆறும்போது தழும்பாகி அடைந்துகொண்டன. குழந்தைகளில் இதற்கு முதற்காரணம் அடினோ. வென்டிலேட்டர் தேவைப்பட்டவர்களிலும், பல மடல்கள் பாதிக்கப்பட்டவர்களிலும், நீண்ட நாள் படுத்தவர்களிலும் அதிகம். ஆகவே அப்படிப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கு, எட்டு, பன்னிரண்டாம் வாரப் பரிசோதனைத் தேதிகள் வீடு திரும்பும் தாளிலேயே எழுதப்பட வேண்டும்.

மாதத்துக்கு மூன்று நாள் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, தூக்கத்துக்கும் பால் குடிக்கும் வேளைக்கும் கான்சன்ட்ரேட்டரில் அரை லிட்டர் ஆக்சிஜன், இரும்புச்சத்து, நான்கு வார இடைவெளியில் இரண்டு ஃப்ளூ ஊசி. இம்யூனோகுளோபுலின் அளவுகளும் லிம்போசைட் வகைகளும் பார்க்கப்பட்டன, இயல்பு.

ஆறாம் மாதத்தில் எடை 9.2 கிலோ, பகலில் 96%. இரவு ஆக்சிஜனை நிறுத்தியாயிற்று. ஓடி விளையாடினால் இழுப்பு இன்னும் கேட்கிறது. ரப்பர் ஷீட் காயவைக்கும் கம்பை வீட்டுக்குப் பின்னால் தனிக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள்.